வெற்று அட்டைகள்

விஜயலெட்சுமியின் கிளினிக் கொப்பியில் ஐந்து துண்டுச் சீட்டுகள் குத்தப்பட்டிருந்தன. ஐந்தும் அவள் தேயிலைக் கொழுந்து எடுக்கும் தோட்டத்தின் மருந்துச் சாலையில் எழுதிக் கொடுத்தவை. ஒவ்வொன்றிலும் ஒரு திகதி, அதற்குக் கீழே ஏறக்குறைய ஒரே வாசகம்: மலையில் வேலை செய்யும்போது மயங்கி விழுந்தார், சில நிமிடங்களில் தெளிந்தார், கிளினிக்கில் காட்டவும். மூன்று மாதத்துக்குள் ஐந்து முறை விழுந்த அந்தப் பெண், வியாழக்கிழமை காலை பதுளை கிளினிக்கில் நான் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் ஒரு குறையும் இல்லாதவள் போல நின்றுகொண்டிருந்தாள். அன்று எடுத்த ஈ.சி.ஜி. தாளைக் கொப்பியில் இருந்த பழைய தாள்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் கோடுகள் பொருந்திவிடும் போலிருந்தது. பொட்டாசியம் நான்கு தசம் இரண்டு. சீனி வியாதி இல்லை. இரத்த அழுத்தம் சரி. பிறகு ஏன் விழுகிறாள்?

அவளுக்கு வயது நாற்பத்து நான்கு. சிறுமியாக இருந்தபோது வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் வால்வு ஒன்றைத் தடிக்க வைத்துவிட்டுப் போயிருந்தது. அந்த வால்வு சரியாகத் திறக்காததால் உடம்பில் நீர் தேங்கும். கால் வீங்கும், மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டும். அதற்காகத்தான் தண்ணீர் மாத்திரை, தினமும் காலையில் ஒன்று. தேங்கிய நீரை அது சிறுநீராக வெளியேற்றும். நீரோடு சேர்ந்து பொட்டாசியமும் கொஞ்சம் போகும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் இரத்தம் எடுத்துப் பார்க்கிறோம்.

"மாத்திர மிச்சம் இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க மிஸ். எல்லாம் முடிஞ்சிருச்சி." பையில் இருந்து வெற்று அட்டைகளை எடுத்து ஜன்னல் பலகையில் வரிசையாக வைத்தாள். ஒரு குமிழில்கூட மாத்திரை இல்லை.

பின்னால் நின்ற பெரியாயி கழுத்தை நீட்டினாள். விஜயலெட்சுமியின் பக்கத்து வீட்டுக்காரி, அவளோடு ஒரே நிரையில் கொழுந்து எடுப்பவள், துணைக்கு வந்திருந்தாள். "நல்லா எண்ணிப் பாருங்க மிஸ். கொழுந்துல கூட இவ இம்புட்டு ஒழுங்கா கணக்குக் குடுக்க மாட்டா."

"ஒனக்கு வாய் வலிக்காதாடி," என்றாள் விஜயலெட்சுமி.

வெற்று அட்டை கேட்கும் வழக்கம் என்னுடையது. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை, அரைவாசி மாத்திரை மிஞ்சிய அட்டைகளோடு இவளே வந்தாள். வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி ஏசினேன். அடுத்த வாரம், வெற்று அட்டை காட்டினால்தான் புது மருந்து என்று தாளில் எழுதி ஜன்னலில் ஒட்டினேன். அதற்குப் பிறகு யாருடைய மாத்திரையும் மிஞ்சவில்லை. எனக்கு அதில் பெருமை இருந்தது.

பக்கத்து அறையில் டொக்டர் நிஷாந்த் அவளுடைய கணுக்காலை அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. அட்டைகள் காலி, ஆனால் கால் வீங்கியிருக்கிறது. அப்படியென்றால் மருந்து போதவில்லை. தண்ணீர் மாத்திரையைத் தினமும் இரண்டாக்கினார். இருமலும் சளியும் இருந்ததால் ஏழு நாளைக்கு கிளாரித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக்கையும் எழுதினார். அது இதயத்தின் தாளத்தைச் சில பேருக்குக் குழப்பும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் அவர் அறையில் இருந்தபடியே என்னிடம் கேட்டார்:

"பொட்டாசியம் எவ்வளவு ஷஹீலா?"

"நாலு தசம் ரெண்டு, டொக்டர்."

"ஈ.சி.ஜி.யும் சுத்தம். குடுங்க."

கொடுத்தேன். ஆனால் அந்த ஐந்து துண்டுகளையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். ஒரு பொருள் பழுதாவது என்னைக் குழப்புவதில்லை. பழுதாகிவிட்டுத் தானாகச் சரியாகிக்கொள்வதுதான் என்னைத் தூங்க விடாது.

வெள்ளிக்கிழமை காலை, சமையலறையில் தொங்கும் கலண்டரை எடுத்து மேசையில் விரித்தேன். நவம்பர் பத்து. நவம்பர் இருபத்து நான்கு. டிசம்பர் பதினைந்து. ஜனவரி ஐந்து. நான்கும் திங்கட்கிழமை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஐந்தாவது துண்டு ஜனவரி பதினாறு. அது வெள்ளிக்கிழமை. சிலிர்ப்பு போய்விட்டது.

நான்கு திங்களை வைத்துக்கொண்டு யோசித்தேன். திங்கட்கிழமை தோட்டத்தில் என்ன நடக்கும்? களைக்கு மருந்தடிப்பார்களா? அந்த மருந்துப் புகையை மூச்சில் இழுத்தால் மயக்கம் வரலாம். கொப்பியில் பெரியாயியின் போன் இலக்கம்தான் இருந்தது. எடுத்துக் கேட்டேன்.

"மருந்தடிக்கிறது பொதன்கெழம மிஸ். அதுவும் கீழ இருக்கிற கீக்கணக்குல. எங்க மேக்கணக்கு மலைக்கு வந்து ரெண்டு மாசமாச்சி. ஏன் மிஸ், எங்கள ரிப்போட் பண்ணப் போறீங்களா?"

"இல்ல. அவ எப்படி இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கா. ரெண்டு மாத்திர குடுத்துட்டாங்கன்னு பெருமையா சொல்லிக்கிட்டுத் திரியிறா."

மருந்தடிப்பு இல்லை. வாரத்தின் முதல் நாள் வேலை கடுமையா என்றால், அதுவும் வெள்ளிக்கிழமைக்குப் பொருந்தவில்லை. அன்றிரவு சாப்பாட்டு மேசையிலும் கலண்டர் கிடந்தது. என் கணவர் ரிப்கான் அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பீங்கானை வைக்க இடம் தேடினார். பஸாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர்.

"ஜனவரி பதினாறுல என்ன ஈக்குது?" என்றார். "அதுக்கு முந்தின நாள்தான் நான் சும்மா கடயத் தொறந்து வச்சிட்டு ஈ ஓட்டினது. பொங்கல். ஒரு மனிசனும் வரல்ல."

நான் கரண்டியை வைத்துவிட்டேன். பதினைந்து பொங்கல். தோட்டத்துக்கு லீவு. ஞாயிற்றுக்கிழமையும் லீவு. அவள் விழுவது திங்கட்கிழமை அல்ல, லீவுக்கு அடுத்த நாள். காலையிலிருந்து நான் தவறான நாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டியது, விழுகிற நாளில் என்ன செய்கிறாள் என்பதல்ல. லீவு நாளில் என்ன செய்கிறாள் என்பது.

அதற்கும் பதில் கிடைக்கவில்லை. சனிக்கிழமை கிளினிக்கில் தண்ணீர்க் குழாய் வெடித்து, பெண்களின் கழிப்பறையைப் பூட்டிவிட்டார்கள். பத்து மணிக்குத் தேத்தண்ணி வந்தது. வேண்டாம் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, கை தானாகக் கோப்பையைத் தள்ளியது. வேலை முடியும் ஒரு மணிவரை போக இடமில்லை என்றால் யார் குடிப்பார்கள்? தள்ளிய கை அப்படியே நின்றது.

மலையில் எங்கே போவாள்?

காலையில் ஏழு மணிக்கு, வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மலை ஏறுகிறவள். தண்ணீர் மாத்திரை போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் வேலையைக் காட்டத் தொடங்கும். அடுத்த மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒருத்தி ஆறு ஏழு தடவை ஒதுங்க வேண்டிவரும். இடுப்பளவு தேயிலைச் செடி, எதிர் மலையில் வீதி, கீழே நிற்கும் கங்காணி. அவள் வேலை நாளில் மாத்திரை போடவே மாட்டாள். கால் வீங்கியதற்குக் காரணம் அதுதான்.

பெரியாயியின் இலக்கத்தை எடுத்தேன். போன் அணைந்திருந்தது. மாலைவரை அணைந்தே இருந்தது. மாத்திரை போடாவிட்டால் மூச்சு முட்டும், ஆனால் மயக்கம் வராது, திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று என்னைச் சமாதானப்படுத்தினேன். இருந்தும் வீட்டில் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. காய்ந்த துணியை இரண்டு தடவை மடித்தேன். ஏதோ ஒன்று சேராமல் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, சுபஹுத் தொழுகைக்கு முகம் கழுவும்போது அது பிடிபட்டது. அட்டைகள் காலி. போடாத மாத்திரைகள் எங்கே போயின?

அவள் எறிந்திருக்க மாட்டாள். ஏச்சு வாங்கியவள் எறிய மாட்டாள். மருந்து முடிய வேண்டும் என்று நான் சொன்னேன், அவள் முடிக்கிறாள். எப்போது? வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துக்குப் பின்னால், கக்கூஸ் பக்கத்திலேயே இருக்கிற நாளில். லீவு நாளில். ஏழையும் ஒரே நாளில்.

ஏழு மாத்திரை ஒரே நாளில் போனால் பொட்டாசியம் அடிமட்டத்துக்கு இறங்கும். மறுநாள் வெயிலில் வியர்வையோடு மலை ஏறினால் விழாமல் என்ன செய்வாள்? செவ்வாய், புதன் என்று சாப்பிடச் சாப்பிட அளவு மெல்ல ஏறிவிடும். வியாழக்கிழமை நாங்கள் இரத்தம் எடுக்கும்போது நான்கு தசம் இரண்டு. ஈ.சி.ஜி. சுத்தம். அவளுடைய வாரத்தின் மிக நல்ல நாளைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தோம்.

முகத்தைத் துடைக்காமலே விரல் விட்டு எண்ணினேன். திங்கள், செவ்வாய், புதன், பழைய கணக்கில் மூன்று. வியாழனிலிருந்து நாளுக்கு இரண்டு, சனிவரை ஆறு. ஞாயிறுக்கு இரண்டு. பதினொன்று. அதோடு நான் என் கையால் கொடுத்த அன்டிபயோட்டிக்.

அந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டும். இதயம் ஒரு தடவை துடித்த பிறகு அடுத்த துடிப்புக்குத் தன்னைத் தயார்செய்ய வேண்டும். அதற்கு இதயத் தசையின் ஒவ்வொரு கலத்திலிருந்தும் பொட்டாசியம் நுண்ணிய வழிகளால் வெளியேற வேண்டும். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் அந்த வழிகள் மந்தமாகிவிடும். கிளாரித்ரோமைசின் அதே வழிகளைத்தான் அடைக்கிறது. தயாராகும் நேரம் நீண்டுகொண்டே போகும். தயாராகி முடியாத வேளையில் அடுத்த துடிப்பு வந்து விழுந்தால் தாளம் குலைந்துவிடும். இதயம் துடிக்காது, வெறுமனே நடுங்கும். அந்த நடுக்கம் சில விநாடிகளில் நின்றுவிட்டால் அதற்குப் பெயர் மயக்கம். நிற்காவிட்டால் அதைத் துண்டில் எழுத வேண்டிய தேவை இருக்காது.

"ஞாயித்துக்கெழமயும் மருந்துக் கடயா?" என்றார் ரிப்கான் கட்டிலில் இருந்து.

"லுணுகலைக்குப் போறேன். ஒரு ஆள் மாத்திரைய விழுங்க முந்திப் போய்ச் சேரணும்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "பிள்ளைகள நான் பாக்குறேன். போங்க."

பசறைக்குப் போகும்வரை பஸ் ஓடியது. பசறையில் சாரதி தேத்தண்ணிக்கு இறங்கினார். பதினெட்டு நிமிடம். அதற்குப் பிறகு, மண் சரிந்து பாதி போய்விட்ட வீதியில் எதிரே வரும் வாகனங்களுக்கு வழிவிட்டு நின்றது. நான் பெரியாயியின் இலக்கத்தை அழுத்திக்கொண்டே இருந்தேன். அவள் இருக்கும் பக்கம் கரண்ட் இல்லையோ, போனைக் கீழே போட்டாளோ. பக்கத்து ஆசனத்துப் பெண், மடியில் வெண்டிக்காய்ப் பையோடு, "ஆஸ்பத்திரியில யாரும் கெடக்குறாங்களா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லுணுகலையில் ஒரு ஓட்டோ பிடித்து, தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கின் லயத்துக்கு ஏறியபோது பத்து மணி கடந்திருந்தது. பெரியாயி வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"அட, மருந்து மிஸ்! நெசமாவே ரிப்போட் பண்ண வந்துட்டீங்களா?"

"விஜயலெட்சுமி எங்க?"

"எங்க இருப்பா, ஞாயித்துக்கெழம? கக்கூஸுலதான். வெடிஞ்சதுலருந்து அவ போறதும் வாறதுமா, எங்களுக்கு வரிசை போட்டு நிக்க வேண்டியிருக்கு."

லயத்தின் கோடியில் இருந்து விஜயலெட்சுமி சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தபடி வந்தாள். உதடு காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் நடை நின்றது.

"எத்தன போட்ட?"

அவள் பெரியாயியைப் பார்த்தாள்.

"அவளப் பாக்காத. ஏச வரல்ல. எத்தன?"

"அஞ்சு," என்றாள் மெதுவாக. "வெள்ளன ரெண்டு, எட்டு மணிக்கு மூணு. மிச்சம் ஆறு இருக்கு. அதச் சோத்துக்குப் பொறகு போடலாம்னு." உள்ளே போய், வலித் தைலம் வந்த ஒரு பாம் டப்பியைக் கொண்டுவந்து திறந்து காட்டினாள். வெள்ளை மாத்திரைகள் ஆறு. அட்டையிலிருந்து நாளுக்கு நாள் ஒழுங்காகப் பிரித்து, ஒழுங்காகச் சேர்த்து வைத்தவை. "ஒண்ணுகூட வீணாக்கலீங்க மிஸ். முந்தி நீங்க ஏசினப்பொறகு ஒண்ணுகூட வீணாக்கல."

நான் டப்பியை வாங்கி மூடினேன். என் பைக்குள் போட்டேன்.

"இருமல் மருந்து?"

"அது வேள தவறாமப் போடுறேன்."

"பொறப்படு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"இன்னிக்கா? எனக்கு ஒண்ணுமில்லீங்க. கால்தான் கொஞ்சம் கொரக்களி புடிச்சு இழுக்குது. நாளைக்கி வேலைக்குப் பேர் குடுக்கணும். ஏற்கனவே அஞ்சு தடவ விழுந்ததுக்குக் கணக்கப்புள்ள, இனி ஒருக்கா விழுந்தா மலைக்கே வராதேன்னுட்டாரு."

"நாளைக்கு மலைக்குப் போனா நீ விழுவ. இந்தத் தடவ எழும்புவியான்னு எனக்குத் தெரியாது."

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பெரியாயி வாளியைக் கவிழ்த்து வைத்தாள். "செருப்பப் போடுடி," என்றாள்.

லுணுகலை ஆஸ்பத்திரியில் எடுத்த ஈ.சி.ஜி. தாள் என் கையில் இருக்கும்போதே தெரிந்தது. ஒவ்வொரு துடிப்பின் கூரான முனைக்குப் பிறகும் ஒரு சிறு மேடு வர வேண்டும். இதயம் தயாராகி முடித்ததற்கான அடையாளம் அது. வியாழக்கிழமைத் தாளில் அழகாக எழுந்து இறங்கியிருந்த அந்த மேடு, இங்கே தட்டையாக, அடுத்த முனையைத் தொடப்போகிற அளவுக்கு இழுபட்டுக் கிடந்தது. கடமையில் இருந்த டொக்டர் ஒரு தடவைதான் பார்த்தார். பொட்டாசியம் பாணி மருந்தைக் குடிக்கக் கொடுத்து, மார்பில் வயர்களை ஒட்டி, அம்புலன்ஸில் பதுளைக்கு ஏற்றினார். வழி முழுவதும் நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பசறை தாண்டியபின் இரண்டு இடத்தில் கோடு தடுமாறியது, நான்கு துடிப்பு, பிறகு ஐந்து. அவள் கண்ணை மூடி, "தல கிறுகிறுங்குது," என்றாள். பெரியாயி அவளுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். கோடு மறுபடி நேரானது. பதுளையில் எடுத்த இரத்தத்தில் பொட்டாசியம் இரண்டு தசம் எட்டு.

திங்கட்கிழமை மாலை அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். இரவெல்லாம் சேலைனோடு பொட்டாசியம் ஏறியிருந்தது. மூன்று தசம் ஒன்பது. டொக்டர் நிஷாந்த் வந்து அன்டிபயோட்டிக்கை நிறுத்தினார், தண்ணீர் மாத்திரையை மறுபடி ஒன்றாக்கினார். உண்மையில் அவள் ஒரு நாளும் தினமொன்றாகப் போட்டதே இல்லை. ஒன்று போதுமா போதாதா என்பது இனிமேல்தான் தெரியும். போகும்போது என்னிடம், "நானும் அட்டையத்தான் பார்த்தேன் ஷஹீலா," என்றார்.

நான் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினேன். பொட்டாசியம், வழிகள், மேடு. சேர்த்துப் போடுவது எவ்வளவு ஆபத்து என்று. மிஞ்சினால் மிஞ்சியதை அப்படியே கொண்டு வரச் சொன்னேன்.

"அப்ப, தெனமும் காலையில ஒண்ணு. செய்வியா?"

"செய்யிறேங்க மிஸ்."

அதே குரல். இரண்டு வருடமாக ஜன்னலுக்கு வெளியே கேட்ட குரல். அவள் செய்ய மாட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்திருந்தது. மலை அங்கேயேதான் இருக்கிறது. இவ்வளவு தூரம் ஓடியும் நான் வந்து நிற்பது பழைய இடத்தில்தான் என்று தோன்றியது. நாற்காலியின் விளிம்பில் இருந்த பெரியாயி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒன்னோட நாள எனக்குச் சொல்லு," என்றேன். "எழும்புறதுல இருந்து."

சொன்னாள். ஐந்துக்கு எழும்புவது, ஏழுக்குப் பெரட்டு, பகல் கொழுந்து நிறுப்பது, மறுபடி மலை. நாலு மணிக்குக் கடைசி நிறுவை. நாலரைக்கு வீடு. விறகு, தண்ணீர், சமையல். ஒன்பதரை, பத்துக்குப் படுக்கை.

"கக்கூஸ் எவ்வளவு தூரம்?"

"லயத்துக்குப் பின்னாலதான். லைட் போட்டிருக்கு."

"மழைக்கி ஒழுகும்," என்றாள் பெரியாயி. "ஆனா கதவு இருக்கு."

விஜயலெட்சுமி போர்வையின் ஓரத்தை மடித்தாள். "ஏங்க மிஸ், இத காலையிலதான் போடணும்னு இருக்கா?"

காலையில் போடச் சொல்வது இரவில் தூக்கம் கெடக் கூடாது என்பதற்காக. வேறு காரணம் எதுவும் இல்லை. பதினான்கு வருடமாக எத்தனையோ உறைகளில் 'காலை' என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதியிருக்கிறேன். யாருடைய காலை என்று யோசித்ததில்லை. அந்த மாத்திரையின் வேலை ஆறு மணித்தியாலத்தில் முடிந்துவிடும்; பெரும்பகுதி முதல் மூன்றிலேயே. வாசலுக்குப் போய் டொக்டர் நிஷாந்த்துக்கு எடுத்தேன். அவர் மறுமுனையில் மனக்கணக்குப் போடும் சத்தம் கேட்டது. "நாலர... பத்தரைக்குள்ள அடங்கிரும். சரி. ஆனா அடுத்த இரத்தம் நான் வியாழக்கிழமை பாக்க மாட்டேன்."

புது உறையில் காலை, பகல், இரவு என்று அச்சடித்த மூன்று கட்டங்கள் இருந்தன. மூன்றையும் வெட்டிவிட்டு, கீழே இருந்த வெள்ளை இடத்தில் பெரிய எழுத்தில் எழுதி, அவள் வாசிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்:

தண்ணீர் மாத்திரை ஒன்று. தினமும் பின்னேரம் நாலரைக்கு, மலையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு. ஒரு நாள் தவறினால் தவறியதுதான், மறுநாள் சேர்த்துப் போடக் கூடாது. இரத்தம் எடுப்பது திங்கட்கிழமை.